படையலுக்கு ஒரு ட்ரவுட்

கனடாவில் இருக்கும் என் சித்தி மகன் ஒவ்வொரு தை மாதமும் தவறாமல் எனக்கு ஒரு படம் அனுப்புவான். உறைந்துபோன பெரிய ஏரியின் நடுவே ஒரு கூடாரம். கூடாரத்துக்குள் கதிரை போட்டு அவன் உட்கார்ந்திருப்பான். காலடியில், பனிக்கட்டியில் குடைந்த வட்டத் துளை. துளைக்குள் தூண்டில். பக்கத்தில் காஸ் அடுப்பும் தேநீர்க் கேத்தலும். "லண்டனில உது ஏலுமோ அண்ணை?" என்று படத்துக்குக் கீழே எழுதியிருப்பான். நான் பதில் போடுவதில்லை. லண்டன் பனிக்கட்டி ஒரு வாத்து ஏறி நின்றாலே கீறல் விடும். அதை நம்பி ஆள் கால் வைத்தால் மீன்தான் ஆளைப் பிடிக்கும்.

இங்கே குளிர்கால மீன்பிடி வேறு மாதிரி. நகரைச் சுற்றி ஓடும் பெருஞ்சாலையைத் தாண்டிக் கென்ட் பக்கம் போனால், ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளங்கள் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகக் கிடக்கின்றன. பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவற்றில் விடுவார்கள். குளிர் தண்ணீருக்கென்றே பிறந்த மீன் அது. கோடையில் சோர்ந்து ஆழத்தில் கிடக்கும். குளிரில்தான் அதற்கு உயிர் வரும். அதனால், புத்தியுள்ள மனிதர்கள் ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் நாங்கள் கரையில் நிற்போம். ஓரத்துப் பனிக்கட்டியைத் தடியால் உடைத்து வழி செய்வோம். தூண்டில் தடியின் வளையங்களில் தண்ணீர் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும்; பத்துத் தடவை வீசினால் ஒரு தடவை நிறுத்தி, வளையம் வளையமாக விரலால் தேய்த்து உருக்க வேண்டும். பிறகு அந்த விரல் தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரை கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி மட்டும்தான். அதை ஃப்ளை என்பார்கள். புழு, இறால், சோளம் எதுவும் ஆகாது. ஆளுக்கு இரண்டு மீன். இரண்டும் கிடைத்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். எங்கள் ஏரியின் வாசல் படலையிலேயே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

சட்டம் என்றால் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து படிவங்களை நிரப்பியே வளர்ந்தவன் நான். கிங்ஸ்பரியில் வீடு, கவுன்சில் அலுவலகத்தில் மேசை வேலை. ஒரு நாள் பிந்திக்கூட எந்தக் காகிதத்தையும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட எனக்கு அந்த ஏரியை நடத்தும் மீன்பிடிச் சங்கத்தில் ஓர் இடம் கிடைப்பதற்கு ஏழு வருடம் காத்திருப்புப் பட்டியலில் கிடக்க வேண்டியிருந்தது. கிடைத்தபோதும் முதல் ஒரு வருடம் சோதனைக் காலம் என்றார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் விருந்தினரை அழைத்து வரக்கூடாது, புகார் எதுவும் வரக்கூடாது. உறுப்பினர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். என் பெயரை வாய்க்குள் போட்டு மென்று பார்த்துவிட்டு, முதல் எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிட்டார்கள். அதுகூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது.

இனி என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எனக்கு முன்னால் இங்கே வந்தவர். என்னை இங்கே எடுப்பித்தவரும் அவர்தான். லூயிஷாமில் ஒரு ஃப்ளாட்டில் அண்ணியோடும் ஒரு மகளோடும் இருந்தார். இருபத்தெட்டு வருடம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்றார், பெரும்பாலும் காலை ஷிப்ட். குடித்துவிட்டு வரும் வெறிகாரரையும், பெட்ரோல் அடித்துவிட்டுக் காசு தராமல் ஓடப் பார்ப்பவர்களையும் அவர் ஆங்கிலத்தில் அதட்டுவதைக் கேட்டிருக்கிறேன். இலக்கணம் நொண்டும், ஆனால் ஆள் நின்றுவிடுவான்.

சங்கத்தில் சேர்வதற்கு முன்பும் நான் வேறு ஏரிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பிடித்ததை லூயிஷாமுக்கே கொண்டுபோவேன். என் மனைவிக்கு மீன் வாடையே ஆகாது. அண்ணி பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட குளத்து மீன் சேறு மணக்குது" என்பா. பிறகு தேசிக்காய் பிழிந்த புளியில் ஊறப்போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்பா. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தலைப்பகுதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு குசினியிலேயே நின்று சாப்பிடுவா. சேறு மணக்கிற மீனுக்கு இவ்வளவு அவசரமா என்று நான் கேட்டால், "வீணாக்கக்கூடாதெண்டு தின்னுறன்" என்பா. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு தடவையாவது, "கொண்ணரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன். அவர் பிடிச்ச மீனை நான் ஒரு நாளாவது தின்னவேணும்" என்று சொல்லுவா. அண்ணை கதிரையில் இருந்தபடி, "வாறன், வாறன். அடுத்த சனி வாறன்" என்பார். அடுத்த சனி ஷிப்ட் வந்துவிடும்.

அண்ணி போன மார்கழியில் செத்துப்போனா. நெஞ்சுவலி என்று படுத்தவ. மருத்துவமனைக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அதுவரை வீட்டில் மரக்கறிதான். அது முடிந்த பிறகு, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, மீனும் இறைச்சியுமாகப் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். மச்சப் படையல் என்போம். ஊரில் என்றால் நாள் பார்ப்பார்கள். லண்டனில் எல்லாச் சடங்குக்கும் ஞாயிறுதான் நல்ல நாள். அந்தியேட்டி வீட்டில் ஐயர் போனதும் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயிறு படையல். சனிக்கிழமை நான் உன்னோட வாறன்" என்றார்.

"நானே பிடிச்சுக்கொண்டு வாறன் அண்ணை. சரியான குளிர். உங்களுக்கு ஏலாது."

"நீ பிடிச்சது அவ எத்தினை தின்னுட்டா. நான் பிடிச்சு ஒண்டு வைக்கவேணும். ஒண்டு காணும்."

விருந்தினரை அழைத்துப்போக எனக்கு அனுமதியில்லை என்பதைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் வெளியாட்கள் நாலைந்து பேருக்கும் ஒருநாள் டிக்கெட் கொடுப்பார்கள். அவர் தன் பெயரில் ஒன்று எடுத்தால் சட்டப்படி சரி. நான் கூட்டிவந்த ஆளாக அவர் இருக்கமாட்டார். இப்படி நான் விளக்கிக்கொண்டிருக்க அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சரி, நான் தனி ஆளாவே வாறன்" என்றார். அந்த இடத்திலேயே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. சட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்ட திருப்திதான் இருந்தது.

சனி காலை லூயிஷாமுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனேன். வழியில் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "இரை போடக்கூடாது" என்றபோது, "மீனுக்கு விளங்குமோ உந்தச் சட்டம்?" என்று கேட்டார். அண்ணி போன பிறகு அவர் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். ஏரியில் எங்களுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. படலைக்குப் பக்கத்துச் சங்கக் குடிசையில் இருந்த பெட்டியில் அவர் டிக்கெட் படிவத்தை எழுதிப் போட்டார். நான் உறுப்பினர் புத்தகத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஏரி பாதி உறைந்திருந்தது. நிழல் விழுந்த கரையோரம் முழுதும் பனிக்கட்டி. வெயில் படும் எதிர்க்கரையில் மட்டும் தண்ணீர் தெரிந்தது. நல்ல இடம் அதுதான் என்று அவரை அங்கே நிறுத்தி, வீசுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். ஃப்ளை வீசுவது ஒரு நாளில் வரும் வித்தை இல்லை. நூல் அவர் தலையில் சுற்றியது, மேற்சட்டையில் கொக்கி மாட்டியது, பின்னால் இருந்த நாணலில் சிக்கியது. "நீ போய் உன்ர வேலையைப் பார். நான் பழகிக்கொள்ளுறன்" என்றார். நான் இந்தக் கரைக்கு வந்து பனிக்கட்டியை உடைத்து நின்றேன். எங்களுக்கிடையே ஏரி இருந்தது.

பதினொரு மணிக்குள் எனக்கு இரண்டு மீன் கிடைத்துவிட்டது. அண்ணைக்கு ஒன்றும் இல்லை. தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தேநீர் குடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயது. பெட்ரோல் நிலையத்தில் கொடுத்த பழைய ஜாக்கெட், அண்ணி பின்னிய தொப்பி. வீசுவார், நூல் அவர் காலடியிலேயே குவியும். மறுபடி எடுப்பார். வளையங்களை உருக்குவார். வீசுவார். மூன்று மணித்தியாலம் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

பிறகு அவர் தடியைக் கீழே வைத்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துக் கொக்கியில் குத்தினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. படையலுக்கென்று வாங்கி வைத்திருந்த இறால். வீட்டை விட்டு வரும்போதே நாலைந்தை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு மீன்பிடி என்றால் கொக்கி, அதில் இறால், அவ்வளவுதான். மற்றதெல்லாம் விளையாட்டு. நான் சத்தம் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தில் இருந்த காகங்களைப் பார்த்தேன். ஒரு மீன் கிடைக்கட்டும், யாருக்கும் தெரியாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. தடி வளைந்தது. அண்ணை கத்தவில்லை. இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து நடந்து, மீனைப் புல்லின் மேல் இழுத்துப் போட்டார். நல்ல பெரிய மீன். நான் சொல்லிக் கொடுத்தபடி சின்னத் தடியால் தலையில் ஒரு தட்டுத் தட்டி அதைக் கொன்றார். பிறகு குனிந்து அதைத் தூக்கி, நெஞ்சளவில் இரண்டு கையாலும் பிடித்து, இந்தக் கரையில் நின்ற எனக்குக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்று அப்போது தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது உண்மை. அதையும் எழுதி வைக்கிறேன்.

"காலை வணக்கம்" என்று பக்கத்தில் ஒரு குரல்.

ஏரிக் காவலர். எழுபது வயதிருக்கும் மனிதர், ஒரு கால் சற்று இழுக்கும். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. கையில் அண்ணையின் டிக்கெட் படிவம்.

"எதிர்க்கரையில் நிற்பவர் இறால் போட்டுப் பிடிக்கிறார். நான் தொலைநோக்கியில் பார்த்தேன்" என்றார் ஆங்கிலத்தில். படிவத்தில் இருந்த பெயரை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். "உங்களோடு வந்தவரா? தெரிந்தவரா?"

எங்கள் பெயர்க் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அண்ணை வந்திறங்கிய காலத்தில் விமான நிலையத்தில் அவர் பெயரைப் பின்னுக்கும் அப்பாவின் பெயரை முன்னுக்கும் எழுதிவிட்டார்கள். நான் வந்தபோது சரியாக எழுதினார்கள். அதனால் என் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், அவருடைய குடும்பப் பெயர் அவருடைய பெயரேதான். மாற்றப் போனால் அகதி வழக்கே சிக்கலாகும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். காகிதத்தில் நாங்கள் ஒரு தாய் பிள்ளைகள் இல்லை.

"இல்லை" என்றேன். "எனக்குத் தெரியாது."

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு சொல்லியிருப்பேன் என்று சொல்லித் தப்பவும் பார்க்கவில்லை. ஏழு வருடக் காத்திருப்பும் சோதனைக் காலமும் என் வாய்க்குள் தயாராக இருந்தன. வாயைத் திறந்ததும் வெளியே வந்தன. அதோடு விட்டேனா? "அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். வேண்டுமென்றால் நான் எங்கள் மொழியில் சொல்கிறேன்" என்று நானாகவே கேட்டுக்கொண்டேன். காவலர் நன்றி சொன்னார்.

காற்று அசையாத நாள். பனிக்கட்டிக்கு மேலால் பேச்சு நன்றாகவே ஓடும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எதிர்க்கரையில் தூக்கிப் பிடித்திருந்த மீனை அண்ணை மெல்லக் கீழே இறக்கினார்.

ஏரியைச் சுற்றி நடந்து போனோம். காவலரின் காலுக்காக மெதுவாகத்தான் நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணை தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, மீனைச் சுத்தமான ஒரு பையின் மேல் கிடத்தி, அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னை நேராகப் பார்த்தார்.

"வணக்கம்" என்றார் என்னிடம்.

காவலர் செவிடரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரத்துப் பேசினார். இருபத்தெட்டு வருடம் கல்லாவில் நின்று இந்த ஊரையே ஆங்கிலத்தில் சமாளித்த மனிதர், ஒரு சொல்லும் விளங்காதவர்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தெரியாது என்று சொன்ன பொய்யை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"இஞ்ச இரை போடக்கூடாதாம்" என்றேன் நான், அந்நியனிடம் பேசும் குரலில். "ஃப்ளை மட்டும்தானாம். போர்டில எழுதியிருக்காம்."

"ஓம். பிழைதான்."

"மீனை இஞ்ச விட்டிட்டுப் போகட்டாம்."

அண்ணை மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"இவருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கோ. என்ர மனிசி மோசம் போயிட்டா. நாளைக்கு அவவுக்குப் படையல். இந்த மீன் ஒண்டை மட்டும் கொண்டுபோக விடச் சொல்லிக் கேளுங்கோ. நான் இனி இந்தப் பக்கமே வரமாட்டன்."

"என்ன சொல்கிறார்?" என்றார் காவலர்.

நான் வாயைத் திறந்தேன். செத்துப்போன ஒருத்தியின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, பொரித்த மீன் வைத்து, கர்ப்பூரம் கொளுத்திக் கும்பிடுவதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். அந்தக் கரையில், பச்சை மழைச்சட்டை போட்ட அந்த மனிதருக்கு முன்னால், அது எனக்கு வெட்கமாக இருந்தது. பயம்கூட இல்லை. பயம் என்றால் மன்னிப்பு உண்டு. எங்கள் சடங்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணி செத்ததும் அதற்குள் சேர்ந்து வெட்கமாகிவிட்டது.

"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

அண்ணையின் கண் ஒரு தடவை இமைத்தது. அவ்வளவுதான். குனிந்து மீனை எடுத்து, இரண்டு கையாலும் காவலரிடம் நீட்டினார். "தேங்க் யூ" என்றார். அந்தச் சொல்லை மட்டும் சொன்னார்.

காவலரும் நானும் திரும்பி நடந்தோம். மீன் அவர் கையில் இருந்தது. பாதி வழியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"எனக்கே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் தடவை வருபவர்கள் பலரும் செய்கிற பிழைதான். யாராவது நம் உறுப்பினரோடு வந்திருந்தால் நான் கண்டும் காணாமல் போயிருப்பேன். உங்களோடு வந்தவர் என்று நீங்கள் சொல்லியிருந்தால் மீனையும் கொடுத்தனுப்பியிருப்பேன். தனியாக வரும் ஆளுக்கு அப்படிச் செய்ய முடியாது. நாளைக்கு இன்னொருவர் கேட்பார்."

நான் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு சொல் போதும். அவர் என் அண்ணன் என்று சொன்னால் போதும். மீன் திரும்பிவிடும். காவலர் கோபிக்கமாட்டார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அப்போது நான் பொய்யனாகிவிடுவேன். ஒரு மீனுக்காகச் சொந்த அண்ணனைத் தெரியாது என்ற ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அது அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, அது உண்மையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சட்டம் சட்டம்தானே" என்றேன்.

நாங்கள் வாகனம் நிறுத்துமிடத்துக்கு வரும்போது, மறுபக்கக் கரையால் சுற்றி வந்த அண்ணை எங்களுக்கு முன்னால் படலையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். ரயில் நிலையம் மூன்று மைலுக்கு அப்பால். காவலருக்குத்தான் பொறுக்கவில்லை. "வயதானவர். இந்தக் குளிரில் நடக்கப் போகிறாரா? சிரமம் இல்லையென்றால் அவரை நிலையம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போங்களேன். உங்களுக்கு மொழியும் தெரியும்" என்றார். நான் காரை எடுத்துக்கொண்டு போய் அண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். காவலர் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, வாடகைக் காரில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்தார்.

வளைவு திரும்பியதும் காரை ஓரமாக நிறுத்தினேன். "முன்னுக்கு வாங்கோ அண்ணை."

"பரவாயில்லை. ஓடுங்கோ."

"நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ? எனக்கு அந்த இடம் போயிடும் எண்டு..."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்கள் எல்லாம் வெள்ளை. நிலையத்தைத் தாண்டினோம், பெருஞ்சாலைக்கு ஏறினோம். லூயிஷாம் சந்தையடி வருவதற்குள் "என்ர ரெண்டு மீன் இருக்குது, அதைப் படையலுக்கு வையுங்கோ" என்று நான் இரண்டு தரம் சொன்னேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் இறங்கிக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படியேறிப் போனார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கதவைத் திறந்தது மகள். இருபத்தாறு வயது. தாய் போன பிறகு வீட்டையும் தகப்பனையும் அவள்தான் பார்க்கிறாள். பைக்குள் எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓ மை காட், சித்தப்பா. அப்பாவா பிடிச்சவர்? ரெண்டுமா?"

அண்ணை குளியலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஓம்" என்றேன். அன்றைக்கு எனக்குப் பொய் கை வந்துவிட்டது.

சங்கத்தின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் கடிதம் வந்தது. சோதனைக் காலம் முடிந்து நான் முழு உறுப்பினர். காவலர் தன் குறிப்பில் என்னை உதவும் மனம் உள்ளவர் என்று எழுதியிருந்தாராம். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கோப்பில் வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலமும் அங்கேதான் போய் நிற்கிறேன். வேறு எங்கே போவது?

ஞாயிறு மத்தியானம் படையல். வரவேற்பறையில் மேசையை ஒதுக்கி, அண்ணியின் படத்துக்கு மாலை போட்டு, கீழே தலைவாழையிலை விரித்திருந்தார்கள். சோறு, கோழிக்கறி, நண்டுக் குழம்பு, முட்டைப் பொரியல், மிஞ்சிய இறாலில் ஒரு பிரட்டல், அண்ணி விரும்பிக் குடிக்கும் இஞ்சிச் சோடா. நடுவில் தட்டோடு இரண்டு ட்ரவுட். தாய் செய்தபடியே தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து மகள் பொரித்திருந்தாள். தலை ஒன்றை எடுத்துத் தனியே, படத்துக்கு நேராக வைத்திருந்தாள். அண்ணை கர்ப்பூரம் கொளுத்தினார். எல்லோரும் கும்பிட்டோம். அண்ணை கண்ணை மூடவேயில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். இல்ஃபோர்டில் இருந்து வந்திருந்த அண்ணியின் தமக்கை பரிமாறினா. மீன் தட்டை எடுத்ததும் அவவுக்குக் குரல் உடைந்தது.

"இந்த வயசில, இந்தக் குளிருக்குள்ள போய் நிண்டு, தன்ர கையால பிடிச்சுக்கொண்டு வந்து வச்சிருக்கிறார். குடுத்து வச்சவள் என்ர தங்கச்சி."

"அப்பா த்ரீ அவர்ஸ் நிண்டவராம், பெரியம்மா" என்றாள் மகள்.

அண்ணை கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார்.

"நான் பிடிக்கேல்லை" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்டும் படேல்லை. அங்க நிண்ட ஆரோ ஒரு ஆள் தந்தது."

"ஆர்? வெள்ளைக்காரனோ?"

"இல்லை, தமிழ் ஆள்தான். ஆரெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாத ஆள் ரெண்டு மீனையும் தூக்கித் தந்ததோ? நல்ல மனிசனாத்தான் இருக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே அவ தட்டோடு என் பக்கம் வந்தா. ஒரு பெரிய துண்டைப் பார்த்து எடுத்தா. "தம்பிக்கு முதல் வைப்பம். அவளுக்கு எத்தினை வருசம் மீன் கொண்டுவந்து தந்த பிள்ளை" என்று என் இலையில் வைத்தா.

அண்ணை சாப்பிடத் தொடங்கினார். மீனைத் தொடவில்லை. நான் என் துண்டை, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை, தின்று முடித்தேன்.